கேட்பார்க்கு எழுதுக!

தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் எவர்க்காக அச்சேறிற்று என்பதை நம்மவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கொண்ட சிறு நூல். அதனைப் போர்த்துகீசியத்தினின்று தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் அவைக்களப் புலவர்க்கு எழுதினாரல்லர். முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு எழுதினார். அச்சுப்பணிக்குப் பொருள் ஈந்தவரும் அப்பரதவ மக்களே. கற்றோர் மட்டுமே நூலுக்கு உரியர் என்றிருந்த நாளில், கடலோடும் மக்கள் தம் மொழியில், தமக்கு விளங்கும் நடையில், ஒரு நூலைப் பெற்றுக்கொண்டனர்.

அதே கடற்கரையில், தூத்துக்குடியின் வடபால், திரேசுபுரம் இருக்கின்றது. நாட்டுப்படகுகளும் சங்கு குளிப்போரும் உள்ள ஊர். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. கடலை நம்பிய வாழ்வு நிற்கவில்லை. அவ்வூரில் நாற்பது அகவைக்குமேல் நீரிழிவால் கண்ணொளி இழந்த ஒருவரை எண்ணிக் கொள்க. தமிழ் நன்கு படிப்பவராய் இருந்தவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டுமளவே அறிந்தவர். சிறுபிள்ளையாயின் பாளையங்கோட்டைக்கு அனுப்பலாம். அங்கே 1890இல் ஆசுக்வித் அம்மையார் தொடங்கிய கண்ணிலார் பள்ளி உள்ளது. புள்ளியெழுத்துக் கல்வியும் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் ஒருமுகப்படுத்தப்பட்டது. ஆனால் அகவை முதிர்ந்தபின், வலையும் கயிறும் இழுத்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் புள்ளியெழுத்து எளிதில் வயப்படுவதில்லை. இவர்க்கு எஞ்சியிருப்பது செவி. செவிவழியே கணினியை ஆள உதவும் கருவி திரைநவிலி.

திரைநவிலி என்பது கணினித் திரையில் உள்ள எழுத்துகளையும் பட்டிகளையும் பெட்டிகளையும் எடுத்துக் குரலாகச் சொல்லும் மென்பொருள். விலைக்கு விற்கும் திரைநவிலிகள் பல்லாயிரம் உருபா கேட்பன. அந்நிலையை மாற்றியது ஆத்திரேலியாவில் பிறந்த ‘என்விடிஏ’. மைக்கேல் கர்ரன் என்பவர் 2006இல் அதனை எழுதத் தொடங்கினார். 2007இல் சேம்சு தே என்பவரும் அவரும் இணைந்து அதற்கென ஓர் அறநிறுவனம் அமைத்தனர். இருவரும் கண்ணொளி இல்லாதவர். மூலநிரலையும் திறந்து வைத்து, காசின்றி எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டனர். இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் அஃது இயங்குகின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. பயனர் வழிகாட்டியும் தமிழில் உண்டு. இவற்றைச் செய்தவர் எந்த அரசுத் துறையினரிடத்தும் சம்பளம் வாங்கிச் செய்யவில்லை; விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர் தம் இரவுப் பொழுதை ஈந்து செய்தனர். மேடைதோறும் மொழிக்காப்புப் பேசுவோர் நாட்டில் ஆயிரவர் உளர். அவருள் எத்துணைப் பேர்க்கு இப்பணி நடப்பதே தெரியும்?

கருவி தமிழில் இருந்தாற் போதாதோ, வழிகாட்டி எதற்கு என்று கேட்பாருளர். கண்ணுள்ளவன் கணினியைத் தொட்டுத் தடவிக் கற்கிறான். ஒரு படத்தைச் சொடுக்கிப் பார்க்கிறான், தவறெனில் மீள்கிறான். கண்ணிலார்க்கு அவ்வழி இல்லை. அவர் திரைநவிலியை விசைப்பலகையாலேயே ஆளவேண்டும். எந்த விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது நிகழும் என்று எவரேனும் சொல்லாவிடின், கருவி வீட்டில் இருந்தும் இல்லாததே. கட்டுப்பாட்டு விசையை அழுத்தினால் பேச்சு நிற்கும். ‘இன்செர்ட்டு’ விசையோடு ‘என்’ என்னும் எழுத்தை அழுத்தினால் முதற்பட்டி திறக்கும். அதே விசையோடு 1ஐ அழுத்தினால், அதன்பின் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் கருவியே கூறும். இம்மூன்றை மட்டும் முதல் நாளில் அறிந்தவர் எஞ்சியவற்றைத் தாமே கற்பார். அறியாதவர், ஓயாது பேசிக்கொண்டேயிருக்கும் ஒரு பொறியின் முன் திகைத்து, அன்றே அதனை மூடிவைப்பார்.

ஆகவே, கண்ணிலார்க்குக் கைந்நூல் எழுதுதல் பிறர்க்கு எழுதுதல் போன்றதன்று. “மேலுள்ள படத்தைக் காண்க” என்று எழுதலாகாது. “வலப்பக்கச் சிவப்புக் குறியை அழுத்துக” என்று எழுதலாகாது. விசையின்மேற் பொறித்த எழுத்தையும் அவர் காணார். சுட்டுவிரல்கள் இரண்டும் அமரவேண்டிய விசைகளின்மேற் சிறு மேடு உண்டு, அதிலிருந்து எண்ணிச் சொல்லவேண்டும். தலைப்புகள் வெறும் பெரிய எழுத்தாய் இருந்தாற் பயனில்லை. தலைப்பென்றே குறியிட்டிருத்தல் வேண்டும். கேட்பவர் ‘எச்’ என்னும் எழுத்தை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார். குறியிடாத நூல் அவர்க்குப் பக்கமில்லாத நூல். சொற்றொடரும் நீளலாகாது, எந்த விசை என்பது முன்னும், என்ன நிகழும் என்பது பின்னும் வரவேண்டும். காதாற் கேட்பவர் தொடரின் தொடக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருக்க முடியாது. (இவ்வாசிரியவுரையின் நடைக்கே இவ்விதி பகைதான். என் செய்வது!)

இனிச் சொல்லப்புகுவது நம்மவர்க்குச் சற்றுக் கசக்கும். வழிகாட்டியில் தூய தமிழ் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கு வெறும் பற்று மட்டும் ஏதுவன்று. தமிழ்க் குரற்பொறி தமிழ் எழுத்தொலி முறைப்படி பேசுவது. ககர பகரங்களின் வலித்த ஒலியையும் மெலிந்த ஒலியையும் நம் எழுத்துப் பிரித்துக் காட்டுவதில்லை, சொல்லிடமே காட்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் பொறி அதனைத் தமிழ்ச் சொல்லாகவே எண்ணி ஒலிக்கும்; ‘பேங்க்’ என்பது கேட்பவர்க்கு வேறேதோ ஒன்றாகிவிடும். வங்கி என்று எழுதினால் ஐயமே இல்லை. எனவே கேட்பார்க்கு எழுதுமிடத்துத் தனித்தமிழ் நடைமுறைத் தேவையே ஆகும்.

ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே வழங்கவேண்டும். திரைநவிலி ‘அமைப்புகள்’ என்று ஒலிக்க, வழிகாட்டி ‘விருப்பங்கள்’ என்று எழுதியிருந்தால், கேட்பவர் இல்லாத ஒன்றைத் தேடித் தேடி அலைவார். கண்ணுள்ளவன் இரண்டும் ஒன்றே என்று இடம் பார்த்து அறிவான். அவர்க்குச் சொல்லே இடம். முத்துக்குளிப்பில் நீருள் இறங்கியவன் கயிற்றை இழுத்தால் இன்ன பொருள் என்பதைத் தோணியில் இருப்பவனோடு முன்னரே ஒத்துக்கொண்டிருந்தான். மூச்சடக்கி அவன் அடியில் நிற்கும்போது மேலே நின்று குறியை மாற்றினாரில்லை. கணினியா கணிப்பொறியா, கோப்பா கோவையா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடி, ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு சொல்லைப் புகுத்தும் நம்மவர் இதனை எண்ணவேண்டும். ‘பொத்தான்’ என்னுஞ் சொல் போர்த்துகீசியம். அவர் வருகையோடு நம் வாயில் நிலைத்தது. அதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஆக்குவதை யாம் தடுக்கவில்லை. ஆக்குவோர் திரையிலும் குரலிலும் வழிகாட்டியிலும் ஒரே நாளில் மாற்றுக. மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுவது தமிழ்ப்பணியன்று, தொல்லை.

இன்னொரு கேடும் உண்டு. தமிழ்ப்பக்கங்கள் பலவும் பழைய எழுத்துருக்களில் அடைந்து கிடக்கின்றன. திரையில் தமிழாய்த் தோன்றும். உள்ளே இருப்பதோ ஆங்கிலக் குறியெண்கள். திரைநவிலி அவற்றைப் பொருளற்ற உளறலாகவே ஒலிக்கும். ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. ஆண்டுகள் பல கடந்தும் பழைய எழுத்துருவிலேயே அச்சுக்கோத்து, பக்கங்களைப் படமாக்கி வெளியிடும் தமிழ் இதழ்கள் எத்தனை! மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. மின்வழிச் செய்தி எல்லார்க்கும் எட்டவேண்டும் என்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 1 இலக்கத்து 27 ஆயிரவர். இத்துணைப் பேர்க்கும் அவ்விதழ்கள் வெற்றுத்தாள்.

எழுதிவிட்டால் முடிவதுமன்று இப்பணி. என்விடிஏ ஆண்டுதோறும் சில பதிப்புகள் காண்கிறது. பதிப்பின் பெயரே ஆண்டெண்ணால் அமைவது. புது விசை வரும், பழைய விசை வேறு வேலை பெறும். ஆங்கில வழிகாட்டி அன்றே மாறும். தமிழ் வழிகாட்டி மாற ஆளில்லாவிடின், கேட்பவர் சென்ற ஆண்டின் விசையை அழுத்திக்கொண்டிருப்பார். ஒருவர் தோளில் இச்சுமை முழுவதும் இருப்பது தகாது. தமிழாசிரியர் ஒருவர், நிரல் அறிந்த இளைஞர் ஒருவர், திரைநவிலியைக் கைப்பழக்கமாய் ஆளும் கண்ணிலார் ஒருவர் என மூவர் கூடினால் ஓர் இயலைத் திருத்த ஒரு திங்கள் போதும். மூன்றாமவர் சொல்லே முடிந்த சொல்லாக இருக்கட்டும். எழுதிய இயலை அவர்முன் வைத்து, வாய் திறவாது அமர்க. அவர் எங்குத் தயங்குகிறாரோ அங்கே நம் எழுத்துப் பிழைபட்டது என்று குறித்துக்கொண்டு, அவ்வரியை அன்றே மாற்றுக.

இதற்கு ஒப்பும் தமிழ்மன்றங்கள் திரேசுபுரம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் முதலான கடற்கரை ஊர்களில் ஒரு மாலைப்பொழுது தொடங்கலாம். ஒரு கணினி, ஒரு செவிபேசி, ஒரு மேசை போதும்; மேடை வேண்டா.