நாடோடி யார்?

பந்தல்குடிக் கரிசலில் மழை பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும், கம்பும் பொய்க்கும். அத்தகைய வறட்சியில்தான் கங்காணியின் சொல்லை நம்பி இம்மண்ணின் மக்கள் கண்டிச்சீமைக்குக் கடல் கடந்தனர். காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் நட்டனர், இலங்கை செழித்தது. 1947 தேர்தலில் தம்முள் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே குடியுரிமை பறிபோயிற்று!

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 'தமிழர்' என்னும் சொல்லே இல்லை. இலங்கையில் பிறந்தவனுக்குத் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவே. தோட்டத் தொழிலாளி தன் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவான்? 1949இல் குடியுரிமை இல்லாதார்க்கு வாக்கும் இல்லையென்றனர்.

கோடகன் பிள்ளை என்பார் எதிர்த்து வழக்காடினார். பிற இனத்தார்க்கு இல்லாத தடையை ஓரினத்தின்மேல் சுமத்தலாகாது என்பது சோல்பரி அரசமைப்பின் 29ஆம் பிரிவு. வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அலுவலர் அவர் பக்கம் நின்றார். இலங்கை உச்ச வழக்குமன்றம் அம்முடிவைத் தள்ளியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. தன் குடிகள் யாரென வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமையாம். இடம்பெயரும் வழக்கமுடையோர் குடிகளாகத் தக்கவரா என்று பார்ப்பது இனப்பகை ஆகாதாம்! தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தூரோடு தூராய்க் கிடந்தவன் நாடோடி! அவன் பறித்த கொழுந்தை விற்றுக் கொழுத்த இலண்டன் முதலாளி யாரோ?

அமெரிக்காவின் செரோக்கி மக்களுக்கு வழக்குமன்றமாவது துணைநின்றது. அவர்கள் மண்ணில் சியார்சியா மாநிலச் சட்டம் செல்லாதென 1832இல் உச்ச வழக்குமன்றம் தீர்த்தது. ஆட்சியாளர் அதை மதிக்கவில்லை. 1838இல் படையை ஏவி மேற்கே துரத்தினர். ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகக் கணிப்பர். மலையகத் தமிழர்க்கோ படை தேவைப்படவில்லை. தாளும் மையுமே போதுமாயின. 1964இல் சிறிமாவோவும் சாத்திரியும் இட்ட உடன்படிக்கை, அம்மக்களின் ஒப்புதலைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆட்டுமந்தையைப் பிரிப்பவன்கூடக் குட்டியையும் தாயையும் பார்த்துப் பிரிப்பான்.

அங்கே எஞ்சியோர்க்கு இலங்கை 2003இல் சட்டமியற்றிக் குடியுரிமை தந்தது. இந்தியாவின் நிலை என்ன? 1983 இனப்படுகொலைக்குப் பின் ஓடிவந்த மலையகத் தமிழர் இங்கே ஏதிலியர் குடியிருப்புகளில் அடைபட்டனர். அவர்களுள் 65 பேர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், நடுவணரசு அதனை ஆய்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்று 2019 சூன் திங்களில் உயர் வழக்குமன்றத்தின் மதுரை அமர்வு தீர்ப்பளித்தது. பூட்டன் தமிழ்நாட்டான் என்று கொழும்பு ஒதுக்கியவனைத் தில்லி அயலான் என்பது எந்த நயன்மை? பூட்டன் பிறந்த மண்ணே சான்றாகக் குடியுரிமை வழங்குக! ஆனால் அவ்வாண்டு இறுதியில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாக்கித்தான் உண்டு, வங்காளதேசம் உண்டு, ஆப்கானித்தான் உண்டு, இலங்கை இல்லை. அதிலும் 'தமிழர்' என்னும் சொல் இல்லை.