ஒட்டு தெரியட்டும்

பழைய வீட்டோடு புதிய அறைகளைச் சேர்த்துக் கட்டினால், 'ஒட்டு தெரியாமல் செய்திருக்கிறான்' என்பது பாராட்டாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது குற்றச்சாட்டாகவே படுகிறது.

இங்கிலாந்தில் சரித்திர மதிப்புள்ள வீடுகளை 1947ஆம் வருஷச் சட்டம் பட்டியலில் ஏற்றிக் காத்தது. அவற்றின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் இன்றும் தனி அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் நிழலில் ஒரு சோம்பேறித்தனமும் வளர்ந்துவிட்டது. பழையதைப் போலவே செய்துவிட்டால் ஆட்சேபிக்க ஆளிருக்காது என்ற கணக்கு. நேற்றுச் சுட்ட செங்கல்லுக்குப் புகைக்கரிச் சாயம் ஏற்றி முந்நூறு வயதாக்குகிறார்கள். இதற்கு இசைவு என்று பெயர். என்னைக் கேட்டால் செத்தவன் கையெழுத்தைப் போடுவது என்பேன். போலி பக்கத்தில் வந்து நின்றதும் அசலின் மீதும் சந்தேகம் விழுகிறது. தவிர்க்க முடியாத புதுவேலை தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்று 1964இல் வெனிஸ் சாசனம் சொல்லியாயிற்று. யார் காதில் விழுந்தது?

லண்டனில் எல்தம் அரண்மனையைப் பாருங்கள். 1470களில் எழுந்த பெருமண்டபத்தோடு கோர்ட்டால்ட் தம்பதிகள் 1930களில் ஒரு வீட்டை இணைத்தார்கள். உள்ளே அப்பட்டமான ஆர்ட் டெகோ. வெளியே ரென் காலத்து முகமூடி. தன் காலத்தைச் சொல்லும் தைரியம் வாசற்படிக்கு உள்ளே மட்டும் இருந்திருக்கிறது.

உடனே கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் குதூகலிக்க வேண்டாம். பழைய சுவரைத் தன் படத்துக்குப் பின்திரையாக்கிக்கொள்ளும் நவீனமும் சுயமோகம்தான்.

வார்விக்ஷயரில் ஆஸ்ட்லி கோட்டை என்று ஓர் அகழி சூழ்ந்த வீடு. 1978இல் தீயில் கருகி, பல வருஷங்கள் இடிந்துகொண்டே கிடந்தது. லாண்ட்மார்க் டிரஸ்டுக்காக விதர்ஃபோர்ட் வாட்சன் மான் என்ற கட்டடக் கலைஞர்கள் 2012இல் அந்த இடிபாட்டுக்குள்ளேயே ஒரு வீட்டைக் கட்டி முடித்தார்கள். மறுவருஷம் ஸ்டிர்லிங் பரிசு கிடைத்தது. பரிசு கிடக்கட்டும். புதுச் செங்கல், பழங்கல்லின் உடைந்த விளிம்பு வரைக்கும் ஏறிப்போய், சரியவிருந்த சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. எது எந்தக் காலத்தது என்று குழந்தைக்கும் தெரியும். கூரை போன சில பகுதிகள் வானம் பார்த்த முற்றங்களாகவே விடப்பட்டிருக்கின்றன. நெருப்பு மறைக்கப்படவில்லை. வீட்டில் மனிதர்கள் வந்து தங்கி உறங்கிப் போகிறார்கள்.

இசைவு என்பது இதுதான்: பழையதன் எடையில் ஒரு பங்கைச் சுமப்பது. சுமக்காமல் ஜாடையை மட்டும் காப்பியடிப்பவன் மரபின் வாரிசல்ல. ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு மரபுக்கு வக்காலத்து வாங்கும் நம் செய்யுள்காரர்களுக்கும் இதையே சொல்வேன்.

நம்முடைய காலத்தையும் எவனோ ஒருவன் நாளை சுவரில் தேடுவான். அவனுக்கு வெறும் கரிச்சாயத்தை விட்டுவிட்டுப் போவதா?