ரூபாயின் மானம்

"நாற்பத்தேழிலே ஒரு ரூபாய்க்கு ஒரு டாலர், சார்!" என்று யாராவது ஒருவர் அங்கலாய்க்காமல் செல்லூர் டீக்கடை பெஞ்சுகளில் பொழுது விடிவதில்லை. பக்கத்துச் சந்தின் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, இழவு வீட்டுக்கு வந்தவர் போல அவர் சொல்கிறார். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் நாலு எழுத்துப் படித்தவராக இருப்பார் என்பதுதான் இதில் விசேஷம்.

பச்சைப் பொய் ஐயா அது! சுதந்திரம் வந்த அன்று நம் ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதாவது ஒரு பவுனுக்குப் பதின்மூன்று ரூபாய் ஐந்தணாச் சொச்சம். பவுனுக்கு அப்போது 4 டாலர் 3 சென்ட். வகுத்துப் பார்த்தால் டாலருக்கு மூன்று ரூபாய் ஐந்தணா வருகிறது. 1949 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனை 2.80 டாலராக இறக்கியது. நாமும் கூடவே இறங்கினோம். டாலர் 4 ரூபாய் 76 காசுக்கு ஏறியது. பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற வகுத்தல் கணக்கு இது. இதைப் போட்டுப் பார்க்கச் சோம்பல். ஒப்பாரி வைக்க மட்டும் சோம்பலில்லை.

பொய்யைக்கூட மன்னித்து விடலாம். அதற்கு அடியில் கிடக்கிற எண்ணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரூபாய் உயர்ந்தால் தேசத்துக்கு மானம், தாழ்ந்தால் அவமானம் என்று ஒரு நினைப்பு! 1966 ஜூன் 6-ஆம் தேதி சர்க்கார் ரூபாயின் மதிப்பை நூற்றுக்கு முப்பத்தாறரை குறைத்து, டாலருக்கு ஏழரை ரூபாய் என்று ஆக்கியபோது நாடு முழுவதும் எழுந்த கூச்சலில் பாதி இந்த மானக் கூச்சல்தான். காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜருக்கே அந்தக் காரியம் பிடிக்கவில்லை. அவருடைய கவலைக்கு வேறு காரணங்கள் உண்டு; மழையில்லை, அரிசியில்லை, தேர்தலோ அடுத்த வருஷம். மற்றவர்களுக்கு வாஷிங்டன் சொல்லி நாம் குனிந்துவிட்டோமே என்கிற ரோஷம்.

ஆனால் அந்த ஜூன் மாதத்தில் நடந்த வேறொரு விஷயம் யார் கண்ணிலும் அதிகமாகப் படவில்லை. 1872-லிருந்து இலங்கையில் புழங்கியது நம் ரூபாய்தான். பிறகு அவர்கள் தனி நோட்டு அச்சிட்டு, 1950-ல் சொந்த மத்திய வங்கியும் வைத்துக்கொண்ட பின்புகூட, இந்த ரூபாயும் அந்த ரூபாயும் சரிக்குச் சரியாகவே நின்றன. 1966-ல் நாம் இறங்கினோம், அவர்கள் இறங்கவில்லை. ஒரே ராத்திரியில் கொழும்பு ரூபாய் ஒன்று, மதுரையில் ஒரு ரூபாய் ஐம்பத்தேழு காசு ஆயிற்று.

அதற்குச் சுமார் ஒன்றரை வருஷத்துக்கு முன், 1964 அக்டோபர் 30-ல், சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிற்பாடு பேசிக்கொள்வது. மனிதர்களை இப்படிக் கூறு கட்டிப் பிரித்த அழகை இன்னொரு நாள் எழுதுகிறேன். புறப்படுகிறவன் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துப் போகலாம். ஒரு குடும்பம் கொண்டு போகலாம் என்கிற உச்சவரம்பை நாலாயிரம் ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

நாலாயிரம் ரூபாய். எந்த ரூபாய், எந்தத் தேதி ரூபாய்?

ஒரு குடும்பத்தின் கையில் சரியாக நாலாயிரம் இருந்ததாக வைத்துக் கொள்ளுங்கள். 1965-ல் அதற்கு இங்கே நாலாயிரம். 1966 ஜூனுக்குப் பிறகு ஆறாயிரத்து முந்நூறு. 1967 நவம்பரில் இலங்கையும் தன் ரூபாயை நூற்றுக்கு இருபது இறக்கிவிட்டது. உடனே ஐயாயிரத்துச் சொச்சம். நடுவில் பத்து வருஷத்தை விட்டுவிடுகிறேன், ஏற்ற இறக்கம் எழுதினால் உங்களுக்கும் தலை சுற்றும். 1977 நவம்பரில் ஜயவர்த்தனா சர்க்கார் டாலருக்குப் பதினாறு ரூபாய் என்று அவிழ்த்து விட்டதும், அதே நாலாயிரத்துக்கு இங்கே கிடைத்தது ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு! அதே தோட்டம், அதே லயம், அதே கூன் விழுந்த முதுகு. கப்பல் ஏறின தேதி மட்டுந்தான் வேறு.

அந்தத் தேதியை நிர்ணயித்தது யார்? தொழிலாளியா? ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் கொழும்பில் நிறைவேறவே 1967 ஆகிவிட்டது. ஆட்கள் பெருவாரியாகக் கிளம்பியது அதற்கும் அப்பால். நம்மவன் கைக்கு நல்ல விலை கிடைத்திருக்கக்கூடிய பதினேழு மாதமும் பைல் கட்டுகளுக்கு இடையில் கழிந்தது. 1984-ல் ராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் நின்று போகும் வரையில் மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர்களில், தன் பணம் எப்படிச் சுருங்கியது என்று எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? நாணயம் மாற்றும்போது பிடிக்கிற தள்ளுபடிக்கு நம் வியாபாரிகள் 'வட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு சர்க்கார்கள் சேர்ந்து ஓர் ஏழையின் ஆயுட்காலக் கூலியில் வட்டம் பிடித்ததற்கு என்ன பெயர் வைப்பது?

இதைப் பற்றி மானக் கட்சிக்காரர்கள் ஒருவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அவர்களுடைய கணக்கின்படி பார்த்தால் 1966-ல் நமக்கு அவமானம், 1977-ல் வெற்றி. அந்த வெற்றி நடந்த நாளில்தான் நம் ஜனங்கள் பாதியை இழந்தார்கள்!

எதிர்க்கட்சியையும் சும்மா விடுவதற்கில்லை. "ரூபாய் விழட்டுமே, ஏற்றுமதி பெருகும், நெசவாளி பிழைப்பான்" என்கிற பொருளாதார மேதைகளைச் சொல்கிறேன். அவர்கள் வைகைக்கு வடகரையில் எங்கள் பக்கம் வந்து ஒரு தறிக்குழியில் எட்டிப் பார்க்கட்டும். லுங்கியை வெளிநாட்டுக்கு விற்கிறவர் ஒருவர், நெய்கிறவர் ஒருவர். டாலருக்கு ஏழரை வந்தாலும் எழுபது வந்தாலும் நெய்கிறவருக்குக் கூலி, துண்டுக்கு இத்தனை என்பதுதான். வெளியிலிருந்து வருகிற சாயத்தின் விலை மட்டும் அன்று சாயங்காலமே ஏறிவிடும். ஏறிய விலைக்குக் கூலியும் ஏறவேண்டுமானால், அவர் முதலாளி வீட்டு வாசலில் எத்தனை மாதம் நிற்க வேண்டும் என்பது எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் கிடையாது.

2022-ல் இலங்கை ரூபாய் மறுபடி சரிந்தது. சில வாரங்களில் டாலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவியது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் நாலரைக்கு மேல் என்று இதே டீக்கடையில் மீசையை முறுக்கினார்கள். அந்த வருஷம் அங்கே சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஏறக்குறைய இரட்டித்தது. ஹட்டன் பக்கத்து லயங்களில் இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பது, கப்பல் ஏறாமல் தங்கிவிட்டவர்களின் பேத்திகள். இங்கே மீசை முறுக்கியவர்களில் சிலருக்கு அவர்கள் சொந்தச் சித்தி மகளாகவும் இருக்கக் கூடும்.