கெட்ட செய்தி யாரிடம் முதலில் போகிறது?

நல்ல தலைவர் என்றதும் நம்மில் பலருக்கு மேடைப்பேச்சும் கம்பீரமும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் இல்லாத நல்ல தலைவர்கள் நிறையவே உண்டு. ஒரு வங்கிக் கிளையோ பள்ளிக்கூடமோ மகளிர் சுய உதவிக் குழுவோ ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: அங்கே ஒரு தப்பு நடந்தால், தலைமையில் இருப்பவர் காதுக்கு அது எத்தனை சீக்கிரம் போகிறது? அது அவருடைய அன்றாடப் பழக்கங்களைப் பொறுத்தது.

காமராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியதும், சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராஜர் இருவரையுமே அமைச்சர்களாக்கினார். அவரையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட அமைச்சரவை அது. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதில் நிர்வாக அறிவும் இருக்கிறது. எதிர்த்து நின்றவருக்கே இடம் உண்டு என்று கண்ட பிறகு, மாற்றுக் கருத்தை மனதுக்குள் பூட்டி வைக்க அதிகாரிகளுக்கும் சக அமைச்சர்களுக்கும் காரணம் இல்லை.

காமராஜர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளாமல், தெரிந்தவர்களைக் கேட்டார். மனுவோடு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் ‘ஆகட்டும், பார்க்கலாம்’. தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தவர்கள் இருக்கலாம். விசாரிக்காமல் வாக்குக் கொடுப்பதில்லை என்ற கட்டுப்பாடாகவே அதை நான் பார்க்கிறேன். அவசரப்பட்டு வாக்குக் கொடுத்தவர், பிறகு அதற்கு எதிரான எந்தத் தகவலையும் கேட்க விரும்பமாட்டார்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பைத் தன்மேல் ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி-3 வெற்றி பெற்றபோது பத்திரிகையாளர்களிடம் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்ன செய்தி இது. பாராட்டைக் கொடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பழியை ஏற்றதுதான் பெரிதென்பேன். தலைக்கு மேல் கத்தி தொங்காதபோதுதான் ஒரு குழுவால் பழுதை மறைக்காமல் தேட முடியும்.

நம் அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. ஏதாவது கெட்டுப்போனால் முதல் கேள்வி ‘யார் பண்ணது?’ என்றே வருகிறது. ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் கணக்கில் விழுந்த ஓட்டை அன்றைக்கே தெரியும். யார் என்று கேட்டால் தணிக்கையின்போதுதான் தெரியும். நாலு பேர் எதிரில் திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும்தான். கூட்டத்தில் மேலதிகாரி தன் முடிவை முதலில் சொல்லிவிட்டால், பிறகு வருவதெல்லாம் ஆமோதிப்பு மட்டுமே.

இவற்றை மாற்றப் பயிற்சி வகுப்பு எதுவும் தேவையில்லை. பாதியில் குறுக்கிடாமல் கேட்பதும், தனியே அழைத்துக் கண்டிப்பதும், கடைசியாகப் பேசுவதும் யாருக்கும் முடிகிற காரியங்கள். சிரமம் என்னவென்றால், கோபம் வந்த நாளிலும் இவற்றைச் செய்ய வேண்டும்.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களில் ‘இது சரியில்லை’ என்று உங்களிடம் கடைசியாகச் சொன்னவர் யார்? யோசித்துப் பாருங்கள். யாரும் நினைவுக்கு வரவில்லையென்றால், அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.