பிரித்தெடுக்க முடியாத ஒய்

மான்கூர்டைத் தாண்டிய ஹார்பர் லைன் லோக்கல், தாணே கழிமுகத்தைக் கடந்து வாஷியைத் தொடுகிறது. 1992இல் திறந்த பாதை. தடம் வளையும் இடத்தில் கதவோரம் நிற்பவரின் உடல் வெளிப்புறம் சாயும். யாரும் தள்ளுவதில்லை. வண்டி திரும்புகிறது, உடலோ அந்த நொடியில் இருந்த நேர்த் திசையிலேயே போகப் பார்க்கிறது. கணிதத்தில் அந்தத் திசையைக் காட்டுவதுதான் தொடுகோடு. ரயில்வே பொறியாளர்கள் நேரான தடத்தையே ‘டேன்ஜென்ட் ட்ராக்’ என்கிறார்கள்.

ஆனால் செம்பூரிலிருந்து இதே வண்டியில் வாஷிக்கு டியூஷன் வரும் பிளஸ் டூ மாணவருக்குத் தொடுகோடு என்றால் சூத்திரம். ஒய் தனியாக நின்றால் கவலையில்லை. எக்ஸும் ஒய்யும் பின்னிக் கிடந்தால் பேனா நின்றுவிடுகிறது. முதலில் ஒய்யைப் பிரித்தெடுக்க வேண்டாமா?

வேண்டாம். இந்த வழக்கு பழையது. பெர்மாவின் தொடுகோட்டு முறையை நம்பாத டெக்கார்ட், 1638இல் ஒரு வளைகோட்டைக் கொடுத்துச் சவால் விட்டார். இலை போன்ற கண்ணி கொண்டது. பெயரும் ‘டெக்கார்ட்டின் இலை’தான். தூலூஸ் நகர நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்ட பெர்மா, விடையைச் சொல்லிவிட்டார். நியூட்டன் பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அந்த இலைகளில் ஒன்று: எக்ஸின் கனமும் ஒய்யின் கனமும் கூடினால், எக்ஸ் ஒய் பெருக்கலைப் போல் ஆறு மடங்கு. எக்ஸ் 3, ஒய் 3 என்ற புள்ளி இதில் இருக்கிறது, இருபுறமும் 54. இது ஒரு தராசு. எக்ஸை இம்மியளவு கூட்டினால் இடத்தட்டு அதைப்போல் 27 மடங்கு ஏறும், வலத்தட்டு 18 மடங்கு. இடப்பக்கம் 9 மடங்கு மிச்சம். ஒய்யைக் கூட்டினாலும் அதே 9. எனவே தட்டு சமனாக நிற்க, எக்ஸ் எவ்வளவு ஏறுகிறதோ ஒய் அவ்வளவு இறங்க வேண்டும். சாய்வு மைனஸ் 1. தொடுகோடு: எக்ஸ் கூட்டல் ஒய் சமம் 6. ஒய்யைப் பிரிக்கவே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘உட்படு சார்பு’ என்று சொல்லி வகையிடச் சொல்வது இதைத்தான்.

எக்ஸும் ஒய்யும் பூஜ்யமாகும் புள்ளியில் மட்டும் சாய்வு, பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம் என்று வருகிறது. தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்து மாணவர் அந்தப் பக்கத்தையே அடித்துவிடுகிறார். தப்பு அவருடையதல்ல. அங்கே வளைகோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது. ஒரு கிளை கிடையாகவும் மற்றது செங்குத்தாகவும் போகிறது. தொடுகோடுகள் இரண்டு. ஒரே விடை கேட்டதால்தான் சூத்திரம் திணறியது.

வாஷியைத் தாண்டி வண்டி எந்தப் பக்கம் போகும் என்று பிளாட்பாரத்தில் கேட்டுப் பார்க்கலாம். ‘பன்வேல் வண்டியா, தாணே வண்டியா?’ என்று எதிர்க்கேள்விதான் வரும். கேட்டவரை யாரும் பெயில் போடுவதில்லை.