கணக்கில் வராத துணை

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக், 2005 இல் ஒவ்வொரு கழகத்தின் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு விதித்தது. அன்று முதல், குறைந்த சம்பளத்திற்கு ஆடும் இளைஞருக்கு இடமளிக்க, வயது முதிர்ந்த வீரரை வெளியேற்றுவது கழகங்களுக்கு இலாபமான கணக்காகிவிட்டது. இக்கணக்கில் பெருந்தவறு ஒன்று உண்டு என்பதே எமது கருத்து.

ரொறன்ரோ வாசகர்கள் நன்கறிந்த உதாரணம் ஒன்றைக் கூறுவோம். 2017 இல் மேப்பிள் லீவ்ஸ் கழகம் 37 வயதான பற்றிக் மார்லோவை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. இருபது வயதளவினரான ஒஸ்ரன் மத்தியூஸ், மிற்ச் மார்னர் ஆகியோருக்கு அவரது இல்லம் சொந்த வீடு போலாயிற்று. ஆயினும் 2019 யூனில், சம்பள வரம்புக்குள் அடங்கும் பொருட்டுக் கழகம் அவரைக் கரோலினாவுக்குத் தள்ளிவிட்டது. அச்சுமையை ஏற்பதற்கு ஈடாகத் தனது முதற்சுற்றுத் தெரிவுரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. சுமையெனக் கணிக்கப்பட்ட அம்மனிதரே 2021 ஏப்ரல் 19 அன்று தமது 1,768 ஆவது ஆட்டத்தை ஆடி, கோர்டி ஹோவின் நெடுங்காலச் சாதனையை முறியடித்தார்.

பிற்ஸ்பேர்க் கழகம் வேறு வழியில் சென்றது. 2005 இல் 18 வயதில் அங்கு வந்த சிட்னி குறொஸ்பியை, கழகத்தின் உரிமையாளரும் வீரருமான மரியோ லெமியூ தமது வீட்டிலேயே தங்கவைத்தார். குறொஸ்பி 2007 இல் அணித்தலைவரானதும், 2009 இல் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதும் அவ்வீட்டில் வசித்த காலத்திலேயே.

லெமியூவுக்கு இது பட்டறிந்த பாடம். மொன்றியலில் பிரெஞ்சு மொழிச் சூழலில் வளர்ந்த அவர் 1984 இல் பிற்ஸ்பேர்க் வந்தபோது ஆங்கிலம் அவருக்குத் தடுமாற்றமாகவே இருந்தது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று அவரை ஏற்றுக்கொண்டது. 1987 கனடாக் கிண்ணப் போட்டியில் வெயின் கிறெற்ஸ்கியுடன் ஒரே அணியில் ஆடி, பயிற்சியில் காட்டவேண்டிய உழைப்பை அவரிடம் கண்டுகொண்டார். இறுதியாட்டத்தின் வெற்றிக் கோலைக் கிறெற்ஸ்கி கொடுத்த பந்துவட்டிலேயே அடித்தார். அடுத்த பருவத்தில், ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கிறெற்ஸ்கி வைத்திருந்த அதிக புள்ளிகளுக்கான விருது லெமியூவின் கைக்கு மாறியது. தன்னை மிஞ்சக்கூடியவன் என்று தெரிந்தும் கற்றுக்கொடுப்பதே மூத்தவரின் பெருமை.

பயிற்றுநர் இருக்க மூத்த வீரர் எதற்கு எனச் சிலர் வினவலாம். யார் ஆடுவது, யார் வெளியே இருப்பது என்பதைத் தீர்மானிப்பவர் பயிற்றுநர். ஆகவே இளைஞன் தன் வலியையும் பயத்தையும் அவரிடம் மறைப்பான். பத்து ஆட்டங்களில் கோல் விழாத வேதனையை, அருகே அமர்ந்திருக்கும் மூத்தவரிடமே சொல்வான். ஏனெனில் அவரும் அதைக் கடந்து வந்தவர்.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கவில்லை. ஷெல்டன் கெனடி என்ற வீரரைப் பதின்ம வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கிய அவரது முன்னாள் பயிற்றுநர் 1997 இல் சிறை சென்றார். புதியவர்களை மூத்த வீரர்கள் இழிவுபடுத்தும் வழக்கமும் இவ்விளையாட்டில் இருந்து வந்துள்ளது. விரிவுரையாளராக இருந்த காலத்தில், பகிடிவதை என்ற பெயரில் மூத்த மாணவர் செய்ததை நாம் நேரிற் கண்டோம். வயது மட்டும் ஒருவரை வழிகாட்டி ஆக்கிவிடாது. நம்பிக்கையோடு கண்காணிப்பும் வேண்டும்.

இதை ஏன் எமது வாசகர்களுக்கு எழுதுகின்றோம்? பனியைக் கண்டிராத மண்ணிலிருந்து வந்த பெற்றோர் நாம். நம் பிள்ளை சறுக்குக் காலணி அணிந்து இறங்கும் ஆட்டம், நாம் ஆடியறியாத ஆட்டம். விழுந்தால் தூக்கலாம், ஏன் விழுந்தான் என்று சொல்ல எம்மால் இயலாது. அதைச் சொல்லக்கூடிய ஒருவர் அவ்வரங்கில் இருக்கவேண்டும். எனவே பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தையும் பயிற்சி நேரத்தையும் மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். அங்கு மூத்த வீரர்கள் யார் உள்ளனர், அவர்கள் இளையோருடன் எவ்வாறு பழகுகின்றனர் என்றும் கேளுங்கள். சில நாள்கள் அரங்கின் ஓரத்தில் அமர்ந்து பாருங்கள். கழகங்கள் கணக்கில் எடுக்காததைப் பெற்றோராவது கணக்கில் எடுக்கவேண்டும்.