கட்டியைக் காட்டிக் கொடுக்கும் ரத்தம்

பல் வலித்தால் மனிதன் ஊரைக் கூட்டுகிறான். ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வளர்ந்தாலும் அவனுக்குத் தெரிவது இல்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளான பிறகுதான் டாக்டரிடம் ஓடுகிறான். பெரும்பாலும் அப்பொழுது காலம் கடந்துவிடுகிறது.

2022-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேருக்கு ஈரல் புற்று நோய் கண்டது. அதே ஆண்டில் சுமார் 7 லட்சத்து 58 ஆயிரம் பேர் அந்த நோயால் இறந்தார்கள்.

கட்டி சிறியதாக இருக்கும்பொழுதே கண்டுபிடிக்க முடியாதா? முடியும் என்று முதலில் சொன்னது ஒரு சுண்டெலி!

எலி சொன்ன ரகசியம்

1963-ம் ஆண்டு. மாஸ்கோ நகரில் அபெலெவ் என்ற விஞ்ஞானி, ஈரல் புற்று நோய் கண்ட சுண்டெலிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். வளர்ந்த எலியிடம் இருக்கக் கூடாத ஒரு புரதம் அதில் இருந்தது. அடுத்த ஆண்டே, புற்று நோய் கண்ட மனிதரிடமும் அது இருப்பதை டாட்டரினோவ் என்ற ரஷிய விஞ்ஞானி கண்டார்.

அதன் பெயர் ஆல்பா பீட்டோ புரோட்டீன். சுருக்கமாக ஏ.எப்.பி. தாய் வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஈரல் இதை ஏராளமாகத் தயாரிக்கும். குழந்தை பிறந்த பிறகு அந்த வேலை படிப்படியாக நின்றுவிடும். புற்று நோய் வந்தால், விட்ட வேலை மறுபடியும் தொடங்குகிறது. கிழவன் தொட்டிலில் ஏறிப் படுப்பதுபோல!

ஆனால் இந்தச் சாட்சியை முழுக்க நம்ப முடியாது. சிறு கட்டி உள்ள பலருக்கு இது கூடுவதே இல்லை. புற்று நோய் இல்லாமல், வெறும் ஈரல் வீக்கத்தால் கூடுவதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் கூடும். ஆகவேதான் 'பிவ்கா' போன்ற வேறு புரதங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஸ்கேன் படமும் எடுக்கிறார்கள்.

இரண்டு ஊர்கள்

சீனாவில் யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், வடகரையில் சிடோங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 'ஹெபடைடிஸ் பி' என்ற காமாலைக் கிருமி உடலில் தங்கிவிட்ட 5,581 ஆண்களை 1989-ல் இருந்து 1995 வரை கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை ஏ.எப்.பி. பரிசோதனை. மற்றவர்களுக்கு இல்லை.

நோய் முன்கூட்டியே தெரிந்தது. ஆனால், சாவு குறையவில்லை! காரணம் என்ன? கண்டுபிடித்த பிறகு கொடுத்த சிகிச்சை பலன் தரவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

எதிர்க்கரையில் ஷாங்காய் நகரம். அங்கே 1993-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் 18,816 பேர். ஏறத்தாழ சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரத்தப் பரிசோதனையுடன் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனும் செய்தார்கள். அந்தப் பிரிவில் ஈரல் புற்று நோயால் இறந்தவர்கள் 32 பேர். பரிசோதனை செய்யாத பிரிவில் 54 பேர்.

பரிசோதனைப் பிரிவில் நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டியை அறுத்து எடுக்க முடிந்தது. மற்றப் பிரிவில் நூற்றுக்கு 8 பேருக்குக்கூட முடியவில்லை. (இந்த ஆராய்ச்சி நடந்த முறையைக் குறை கூறும் நிபுணர்களும் உண்டு.)

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவை இல்லை. ஈரல் சுருங்கியவர்களுக்கும், பி கிருமி நெடுநாள் தங்கியவர்களில் டாக்டர் சொல்பவர்களுக்கும்தான் தேவை. 6 மாதத்துக்கு ஒரு முறை, தவறாமல். ஷாங்காயில் அழைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 58 முறைதான் வந்தார்கள்.